கோடையில் ஒரு பூனைக் கூடல்: பாளையில் எப்படி நடத்தலாம்?

பாளைப் பூனைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். பாளை, பெருமாள்புரம், டவுண், பேட்டை, மேலப்பாளையம் என்று நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் பூனை வளர்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். ஒருவர் வீட்டுப் பூனை சாப்பிடவில்லை என்றால் நடுராத்திரியிலும் மற்றவர்கள் பதில் எழுதுகிறோம். நேரில் பார்த்தால் மட்டும் யார் யாரென்று தெரியாது. அதனால் மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எங்கள் வீட்டில் ஒரு சின்ன விருந்து வைக்க ஆசை. பூனைகளும் வரட்டும், வளர்ப்பவர்களும் வரட்டும்.

பழைய காலத்து வீடு. முன்னால் தார்சா என்கிற முன்கூடம், அப்புறம் பட்டாசல் என்கிற நடுக்கூடம், உள்ளே அரங்கு என்கிற ஒரு உள்ளறை, அடுக்களை, புறவாசலில் ஒரு வேப்பமரம். மேலே தட்டட்டி, அதாவது மொட்டைமாடி, நல்ல விசாலம். சாயங்காலம் தட்டட்டியில் ஓலைப்பந்தல் போட்டு, நமக்கு நுங்கும் பதநீரும், பூனைகளுக்கு அவித்த சாளை மீனும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பூனைகள் வரலாம்.

வெயில், சண்டை, சாப்பாடு, இந்த மூன்றும்தான் யோசனையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்கிரகுளத்தான்

நல்ல காரியம் அக்கா. தட்டட்டி மட்டும் வேண்டாம். மே மாதப் பாளை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளெல்லாம் உண்டு. பகல் முழுக்கக் காய்ந்த தளம் இருட்டின பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நாம் செருப்புப் போட்டு நிற்போம், பூனைக்கு வெறும் பாதம்.

கைப்பிடிச் சுவரும் பயமாக இருக்கிறது. புது இடத்தில் மிரண்ட பூனை எதையும் பார்க்காமல் தாவிவிடும். பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றி விழும் என்று சொல்லித் தைரியப்படுத்துவார்கள், நம்ப வேண்டாம். மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்டு வருகிற பூனைகள் எத்தனையோ. பட்டாசலிலேயே வையுங்கள்.

அப்புறம் பதநீர். அது விடியக்காலையில் இறக்கி வெயில் ஏறும் முன்னே குடிக்க வேண்டியது. சாயங்காலம் வரை வைத்தால் புளித்துவிடும். கருப்பட்டிப் பானகம் கலக்கிவிடுங்கள், எலுமிச்சையும் சுக்கும் தட்டிப்போட்டு.

ராமையன்பட்டி மாணவன்

அக்கா, நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். எனக்கும் பூனை என்றால் உயிர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சூடு. பூனையின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். அதற்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மற்றபடி தன்னைத் தானே நக்கி நனைத்து, அந்த ஈரம் காயும்போது குளிர்ந்துகொள்கிறது. நாய் வாயைத் திறந்து இளைப்பதைத் தினமும் பார்ப்பதால் பூனை இளைத்தாலும் நாம் சும்மா இருந்துவிடுகிறோம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. எச்சில் வடிவது, ஈறு சிவப்பது, நடை தள்ளாடுவது, வாந்தி எல்லாம் கூடவே வரும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, அப்படியே டாக்டரிடம் கிளம்ப வேண்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது, புரையேறிவிடும். பெர்ஷியன் மாதிரி சப்பை மூக்குப் பூனைகளுக்கும், குண்டுப் பூனை, கிழட்டுப் பூனைகளுக்கும் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். மே மாதக் கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது, நீங்கள் கேட்காத ஒன்று: நோய். எனக்கு வெயிலைவிட இதுதான் கவலை. பான்லூக்கோபீனியா என்ற வைரஸ், வாந்தியும் பேதியுமாக வந்து குட்டிகளை இரண்டே நாளில்கூடக் கொண்டுபோய்விடும். அது தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும். ஹெர்பிஸ், கலிசி வைரஸ்களால் வருகிற பூனைச் சளியும் உண்டு, அது தும்மலிலேயே பரவும். ஹெர்பிஸ் ஒரு தடவை வந்தால் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். பூனை பயந்தாலோ களைத்தாலோ மறுபடி தலைதூக்கும். கூடைக்குள் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்து, தெரியாத வீட்டில் பத்துப் பூனைகளுக்கு நடுவில் இறக்கிவிட்டால் எந்தப் பூனைக்கும் பயம்தான் வரும்.

ஆகவே இந்த மூன்று வைரஸ்களுக்குமான ட்ரைகேட் ஊசியும் வெறிநோய் ஊசியும் போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அட்டையைக் காட்ட வேண்டும். 16 வாரம் ஆகாத குட்டிகள் வேண்டாம். சினைப்பருவத்தில் கத்திக்கொண்டிருக்கும் பெண் பூனையும், கருத்தடை செய்யாத கடுவனும், அதாவது ஆண் பூனையும், வேண்டாம். தும்மல், கண்ணில் பீளை, முடி கொட்டிய வட்டமான படை எது இருந்தாலும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

மேலப்பாளையம் வெள்ளையன்

தம்பி சொன்னதை நான் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். பூனைகளைக் கூட்டி வரவே வேண்டாம்.

எங்கள் தெருவில் பூனை இல்லாத வீடு குறைவு. சின்ன வயதிலிருந்து அவற்றோடேயே வளர்ந்தவன். பூனை தன் இடத்தோடு ஒட்டிய பிராணி. கட்டிலுக்கு அடியில் இந்த மூலை, ஜன்னலில் இந்தத் திட்டு, இந்த நேரத்துக்கு இந்த வெயில் என்று எல்லாவற்றையும் மோந்து மோந்து தனதாக்கி வைத்திருக்கும். அதிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் அடைத்து இன்னொரு பூனையின் வாடை நிறைந்த வீட்டில் விட்டால் அதற்கு அது விருந்தா? கூட்டிக்கொண்டு போவதில் நமக்குத்தான் பெருமை. பூனை ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்குகிற உயிர். மே மாத மதியத்தில் சிமென்ட் தரையில் நீட்டிப் படுத்துக் கிடப்பதைவிட வேறென்ன கேட்கப் போகிறது?

நாம் கூடலாம். படம் காட்டலாம், பேசலாம், சாப்பிடலாம். அவை வீட்டில் ஃபேனுக்கு அடியில் தூங்கட்டும்.

வள்ளியூர்க்காரன்

அண்ணாச்சி, எல்லாப் பூனைக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள். எங்கள் செவலை குட்டியிலிருந்தே ஹார்னஸ் என்கிற தோள்வார் போட்டுப் பழகியது. நாகர்கோவிலில் மாமியார் வீட்டுக்குப் போகும்போது மடியிலேயே கேரியர் (பூனைப் பெட்டி) இருக்கும், சத்தமே வராது. போன வீட்டில் ஐந்து நிமிஷத்தில் அடுக்களை எங்கே என்று கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட பூனையை வீட்டில் பூட்டிவிட்டு வருவதும் அதற்கு வருத்தம்தான். தனியாக விட்டால் வாசலில் உட்கார்ந்து கத்தும்.

பழகின பூனை, பழகாத பூனை என்று பார்த்து அழைக்கலாமே. கேரியரை ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் திறந்து போட்டுவையுங்கள். உள்ளே அது தினம் படுக்கிற துணியைப் போட்டு, தீனியையும் அங்கேயே வையுங்கள். தானாக ஏறிப் படுக்கிற பூனை வரலாம். கேரியரைப் பார்த்ததும் பீரோ மேல் ஏறுகிற பூனை வர வேண்டாம். இதைவிட நேர்மையான அழைப்பிதழ் எதுவும் இல்லை.

பாளைப் பூனைக்காரி

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தட்டட்டி இல்லை, அது முடிவு. பன்னிரண்டு பூனை என்பதையும் விட்டுவிட்டேன். வெள்ளையன் அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, வள்ளியூர்த் தம்பி சொல்வதிலும் இருக்கிறது. அதிகம் போனால் மூன்று பூனைகள், அதுவும் கேரியரில் தானாக ஏறுகிறவை, ஊசி அட்டை உள்ளவை. ஒன்றுக்கு அரங்கு, ஒன்றுக்கு மச்சியில் (மாடியில்) உள்ள அறை, ஒன்றுக்கு தார்சாவை அடைத்துத் தருகிறேன். ஒன்றை ஒன்று பார்க்க வேண்டாம். எங்கள் பூனை மீனு பக்கத்து வளவில் என் சித்தி வீட்டில் இருக்கும், அங்கே அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

மற்றவர்கள் மட்டும் வாருங்கள். இப்படிச் சொல்வதில் யாருக்கும் மனக்குறை வேண்டாம்.

அம்பை ஆச்சி

மனக்குறை ஒன்றும் இல்லை தாயி. என் கருப்பிக்கு வயதாகிவிட்டது, அவள் வரமாட்டாள். நான் வருகிறேன்.

வருகிற பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். விலையுயர்ந்த பூனை வீடெல்லாம் தேவையில்லை. அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கம் வாசல் வெட்டிக் கவிழ்த்துவை, ஒரு பக்கம் அடைபட்டாலும் மறு பக்கம் போகலாம். உயரமாக ஏறி உட்கார ஒரு ஸ்டூல், பழைய பெஞ்சு. நல்ல பத்தமடைப் பாய் எதுவும் தரையில் கிடந்தால் சுருட்டி வைத்துவிடு, நகம் போட்டுக் கிழித்துவிடும். பழைய சாக்கைத் தூணில் கட்டிவிட்டால் அதில் பிறாண்டிக்கொள்ளும்.

தண்ணீருக்கு காருகுறிச்சி மண்சட்டி போதும். அகலமாக இருக்க வேண்டும், மீசை இடிக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரை வைக்காதே, தள்ளி வை. அப்படி வைத்தால் கருப்பி அதிகம் குடிக்கிறாள், இதை நான் கவனித்திருக்கிறேன். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் அறை குளிர்ந்துவிடும். கரண்ட் போனாலும் கவலை இல்லை.

இன்னொன்று, புறவாசலில் குப்பைமேனி முளைத்திருக்கும். வேரோடு பிடுங்கிப் போட்டுப் பார், பூனை அதில் முகத்தைத் தேய்த்துப் புரளும். பூனைவணங்கி என்றே அதற்கு இன்னொரு பெயர்.

ராமையன்பட்டி மாணவன்

ஆச்சி சொன்ன குப்பைமேனி வேருக்கு நிறையப் பூனைகள் மயங்கும், உண்மைதான். கடையில் விற்கிற கேட்நிப் இலையும் அந்த மாதிரிதான், ஆனால் அது வேறு செடி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைகளுக்குத்தான் கேட்நிப் பிடிக்கும், அது பிறவியிலேயே வருவது. வேரை மோந்து புரளட்டும், தின்ன விட வேண்டாம். ஒரு பூனை புரண்ட வேரை இன்னொரு பூனைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஆச்சி சொன்னதையே நானும் சொல்வேன். பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட தேசத்தில் வாழ்ந்தது. இரையில் இருக்கும் ஈரத்தை வைத்தே பிழைத்ததால் பூனைக்கு இன்றும் தாகம் குறைவு. நான்கு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மில்லி தண்ணீர் வேண்டும், அதில் தீனியில் உள்ள ஈரமும் சேர்த்தி. உலர் தீனி மட்டுமே தின்கிற பூனை கோடையில் சிறுநீர் அடைத்து அவதிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். முக்கியமாகக் கடுவன்கள். லிட்டர் ட்ரே என்கிற கழிவுத் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

கொக்கிரகுளத்தான்

சாளை பற்றி யாரும் சொல்லவில்லையே. அவித்துக் கொடுக்கலாமா?

ராமையன்பட்டி மாணவன்

கொடுக்கலாம். உப்பு, மஞ்சள், மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் அவித்து, முள்ளெடுத்து, ஒரு வாய் ருசிக்கு. பச்சையாக வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு. மீன் அவித்த தண்ணீரை வடிகட்டி ஐஸ் தட்டில் உறைய வைத்தால் நக்கிக்கொண்டு கிடக்கும், கோடைக்கு அருமையான பண்டம். பால் வைக்காதீர்கள், வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செரிக்காது. முழுச் சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரட்டும், புதுத் தீனியைப் பழக்க இது நேரம் இல்லை.

நாம் தின்பதிலும் கவனம் வேண்டும். வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கும், வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. வெங்காய வடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பூனை இருக்கும் அறைக்குள் விடக் கூடாது. பிரியாணி எலும்பும் அப்படியே, வெந்த எலும்பு கூராக உடையும்.

பேட்டை மதினி

என் நாத்தனார் மாசமாக இருக்கிறாள், ஐந்தாம் மாசம். அவளும் பூனைப் பிரியை. பூனை இருக்கும் வீட்டுக்கே போகக் கூடாது என்று அத்தை சொல்கிறார்கள். வரலாமா?

ராமையன்பட்டி மாணவன்

தாராளமாக வரலாம் மதினி. அத்தை பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்காக. அது பூனையின் மலத்தில் வரும், அதுவும் வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும். லிட்டர் ட்ரேயை அவர்கள் சுத்தம் செய்ய வேண்டாம், மற்றவர்கள் தினமும் செய்தால் போதும். பூனையைத் தடவுவதால் வருவது அபூர்வம். சரியாக வேகாத இறைச்சியையும் கழுவாத காய்கறியையும்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தங்கள் மகப்பேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும், அத்தைக்கும் நிம்மதி.

பேட்டை மதினி

ரொம்ப நன்றி தம்பி. அத்தையிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். அலங்காரத்துக்குப் பலூன், ரிப்பன், பூ எல்லாம் நான் வாங்கி வரவா? பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

தாமிரபரணித் தண்ணி

மதினி, ரிப்பன் வேண்டாம். மல்லிகைச் சரம் பூனைக்கு விஷமில்லை, ஆனால் பூக்கட்டின நூல் இருக்கிறதே, அது பெரிய எமன். எங்கள் பக்கத்து வீட்டுப் பூனை பூச்சரத்தை நூலோடு விழுங்கி, குடல் சுருண்டு, வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. நாக்கின் அடியில் நூல் நுனி தெரிந்தாலும், பின்னால் தொங்கினாலும் இழுக்கக் கூடாது, குடலை அறுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தலையில் வைத்து வருகிற பூவையும் பெண்கள் அன்று கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கழற்றினால் உடனே மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

பூங்கொத்துக் கடையில் விற்கிற லில்லியை வீட்டு வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். அதன் மகரந்தம் முடியில் ஒட்டி அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். புறவாசலில் அரளி, செங்காந்தள் இருந்தாலும் பூனையை அந்தப் பக்கம் விடக் கூடாது. பலூனும் வெடித்தால் பூனைக்கு உயிர் போகிற பயம். மாவிலையும் கோலமும் போதுமே.

பாளைப் பூனைக்காரி

கோலம் நான் போடுகிறேன். வீடு கழுவுவது பற்றி யாராவது சொல்லுங்கள். முதல் நாள் ஃபினாயில் போட்டுத் துடைக்கத்தான் நினைத்திருந்தேன்.

ராமையன்பட்டி மாணவன்

ஃபினாயில் வேண்டாம் அக்கா. பீனால் கலந்த திரவங்களைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. பாதத்தில் ஒட்டி நக்கினால் உடம்புக்குள் போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்குப் போகத் துடையுங்கள். அப்புறம் சாதாரண பிளீச்சிங் திரவத்தை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரை பத்து நிமிஷம் ஈரமாக இருக்கும்படி விட்டு, நல்ல தண்ணீரால் அலசி, காயவிடுங்கள். பான்லூக்கோபீனியா வைரஸைக் கொல்வது இதுதான். பூனைகள் போன பிறகும், மீனு திரும்பி வரும் முன்னே இதையே இன்னொரு தடவை செய்யுங்கள்.

கொசுவர்த்தி, சாம்பிராணி இரண்டும் அன்று வேண்டாம். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தை யாரும் பூனைக்குத் தடவிக் கொண்டுவராதீர்கள், அது பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாரசிட்டமாலும் அப்படியே.

விருந்து முடிந்து வீட்டுக்குப் போனதும் எல்லாரும் கைகால் கழுவி, உடுப்பு மாற்றி, அப்புறம் உங்கள் பூனையைத் தூக்குங்கள். செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும். பூனை விளையாட்டுச் சாமான்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

மேலப்பாளையம் வெள்ளையன்

பிள்ளைகளுக்கு யாராவது பூனையைத் தொடும் முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். துரத்தக் கூடாது, தூக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, விரலை நீட்டி, அது வந்து மோந்து தலையைத் தேய்த்தால் கன்னத்திலும் தாடையிலும் தடவலாம். வயிற்றைக் காட்டுகிறது என்று கை வைக்கக் கூடாது. கண்ணை மெதுவாக மூடித் திறந்து பார்த்தால் அதுவும் திருப்பிச் செய்யும். இதை இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2020-இல் கட்டுரையே வெளியிட்டார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எப்போதும் செய்துவந்ததுதான். காது பின்னால் படிந்து வால் அடித்தால் எழுந்து வந்துவிட வேண்டும்.

பிறாண்டினாலோ கடித்தாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது.

பூனைகள் வருவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. வந்தால் பயப்படாமல் போக வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வள்ளியூர்க்காரன்

அண்ணாச்சி, செவலை பயந்தால் அடுத்த நிமிஷமே கிளம்பிவிடுகிறேன். வாக்குக் கொடுக்கிறேன்.

வருகிற வழியில் பூனையைப் பூட்டிய காரில் வைத்துவிட்டு அல்வா வாங்க இறங்குவதும் வேண்டாம். பத்து நிமிஷத்தில் உள்ளே ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடும். அல்வா நான் தனியாக வந்து முதல் நாளே வாங்கித் தருகிறேன்.

தாமிரபரணித் தண்ணி

ஒரு கோரிக்கை. இவ்வளவு பேர் கூடும்போது தெருப் பூனைகளுக்காகவும் ஏதாவது செய்வோம். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், குட்டிகள் பால் குடித்து முடியும் முன்னே மறுபடி சினை. கோடையில் ஓடைக்கரையிலும் குப்பைத்தொட்டி ஓரத்திலும் தாகத்தில் சாகிற குட்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்கவில்லை. பரிசுப் பொருள், அலங்காரம் என்று செலவழிக்கும் பணத்தை ஒரு உண்டியலில் போட்டால் பாளைப் பூனைக்காரி அக்கா தெருவில் உள்ள இரண்டு பெண் பூனைகளுக்காவது கருத்தடை செய்யலாம். வீட்டு வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்கவும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

அம்பை ஆச்சி

நான் முதலில் போடுகிறேன். காருகுறிச்சியில் சட்டியும் மொத்தமாக வாங்கி வருகிறேன், வீட்டுக்கு ஒன்று.

பாளைப் பூனைக்காரி

அப்படியானால் சரி. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள், ஏழு மணிக்கு முடிக்கலாம். பூனைகள் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாகவும் இருக்கும். பூனையோடு வருகிறவர்கள் மட்டும் ஐந்தரைக்கு மேல் வரவும், வெயில் இறங்கியிருக்கும். ஒரு பூனை அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான். பாட்டு, மைக் கிடையாது. நுங்கு, பானகம், நீர்மோர், வெங்காயம் போடாத உளுந்த வடை, அல்வா. அறைக்கு ஒரு லிட்டர் ட்ரே, கதவில் உள்தாழ்ப்பாளோடு ஒரு சீட்டு: "பூனை உள்ளே, தட்டிவிட்டுத் திறக்கவும்."

மருத்துவத் தம்பி, வாசலில் நின்று நீங்களே ஊசி அட்டைகளைப் பார்த்துவிட முடியுமா?

ராமையன்பட்டி மாணவன்

வருகிறேன் அக்கா. எங்கள் சீனியர் டாக்டர் ஒருவரையும் கேட்டிருக்கிறேன், ஓய்வு இருந்தால் வருவார். பூனை கொண்டுவர விரும்புகிறவர்கள் ஊசி அட்டையைப் படமெடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பிவிடுங்கள், ஊசி போட்ட தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றுக்கு மேல் வந்தால் முதலில் அனுப்பியவர்களுக்கே இடம். வெள்ளைப் பூனை என்றால் காது நுனி வெயிலில் வெந்து நாளடைவில் புற்றாகும் வாய்ப்பு உண்டு, கேரியர் மேல் மெல்லிய பருத்தித் துண்டு போர்த்தி, காற்றுப் போக ஒரு பக்கம் திறந்து வைத்துக் கொண்டுவாருங்கள்.